மீனுக்கும் சுகர் ஏறுமா? நெல்லைச் சீமையில் மீன் வளர்ப்போர் கேட்கும் கேள்விகள்

குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர்கள், தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டியவர்கள், வீட்டுப் பின்புறம் பயோஃபிளாக் தொட்டி (தண்ணீரின் கழிவைப் பாக்டீரியாவைக் கொண்டே சுத்தம் செய்து மீன் வளர்க்கும் தொட்டி) போட்டிருக்கும் இளைஞர்கள், மீன்வளம் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் இந்த விஷயத்தைக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எண் வரும் இடங்களில் 100 மில்லி இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதே கணக்கு. நம் சுகர் டெஸ்ட் சீட்டில் இருக்கும் அதே அளவு.

அண்ணாச்சி, மீன் இரத்தத்தில் சர்க்கரை உண்டா?

உண்டு. நம் உடம்பில் ஓடும் அதே குளுக்கோஸ்தான். மீனின் மூளைக்கும் செவுளுக்கும் இரத்த அணுக்களுக்கும் அது எரிபொருள். பதற்றமில்லாமல் கிடக்கும் கெண்டை, ஜிலேபி (திலேப்பியா) போன்ற மீன்களில் பெரும்பாலும் 40 முதல் 90 வரை இருக்கும். இனத்துக்கு இனம் இது மாறும். ஓயாமல் நீந்தும் மீன்களுக்குக் கூடுதலாகவும், அடித்தரையில் அசையாமல் கிடப்பவற்றுக்குக் குறைவாகவும் இருக்கும். உவரி, கூத்தங்குழி கடற்கரையில் இறங்கும் சூரையையும் அயிலையையும் முதல் வகைக்குச் சொல்லலாம்.

மனித உடம்பு தன் சர்க்கரையை ஒரு குறுகிய எல்லைக்குள் இறுக்கிப் பிடித்து வைக்கும். மீனிடம் அந்த இறுக்கம் கிடையாது. ஒரே தொட்டியில் ஒரே தீனி தின்று வளர்ந்த இரண்டு மீன்களில் ஒன்று 50, இன்னொன்று 85 காட்டினால் இரண்டுமே நல்ல மீனாக இருக்கலாம்.

அது கூடுவதற்கும் குறைவதற்கும் முதல் காரணம் எது? தீனியா?

எல்லாரும் தீனியைத்தான் நினைக்கிறார்கள். நான் முதலில் சொல்வது பதற்றம். துரத்துவது, வலை போடுவது, தண்ணீரை விட்டு வெளியே எடுப்பது, நெரிசலாக அடைப்பது, தண்ணீர் கெடுவது எல்லாமே மீனுக்குப் பதற்றம். மீனின் சர்க்கரையை அது தின்றதைவிட அது பட்ட பாடே அதிகமாக ஏற்றுகிறது.

நடப்பது இரண்டு கட்டமாக நடக்கும். ஆபத்து என்று பட்ட மாத்திரத்தில் மீனின் முன்சிறுநீரகத்திலிருந்து அட்ரினலின் கொட்டுகிறது. நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தனியாக அட்ரினல் சுரப்பி இருக்கிறது. எலும்பு மீன்களுக்கு அப்படித் தனி உறுப்பு கிடையாது. தலைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கும் முன்சிறுநீரகத்துக்குள் அந்த அணுக்கள் சிதறிக் கிடக்கும். அட்ரினலின் ஈரலுக்குப் போய், அங்கே கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை உடைத்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் விடச் செய்யும். தப்பித்து ஓட உடனே சக்தி வேண்டுமல்லவா, அதற்கான ஏற்பாடு இது.

இரண்டாவது கட்டம் கார்டிசால் என்ற ஹார்மோன். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அதே முன்சிறுநீரகத்தின் வேறு அணுக்களுக்குச் சொல்ல, சில நிமிடங்களில் கார்டிசால் இரத்தத்தில் ஏறும். ஈரலைப் புரதத்திலிருந்தும் சர்க்கரை செய்ய வைப்பது இதுதான். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சர்க்கரையைத் தூக்கி வைத்திருக்கும். அதற்குச் செலவாகும் புரதம் மீனின் சதையாக வளர வேண்டிய புரதம். பதற்றத்திலேயே வாழும் மீன் எடை போடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தீனி போட்டும் வளரவில்லையே என்று வருந்துகிறவர்கள் தீனிக் கம்பெனியை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு தடவை இழுவலை போட்டால் ஏறின சர்க்கரை எவ்வளவு நேரத்தில் இறங்கும்?

வலையில் மாட்டிய கால் மணி, அரை மணியில் ஏற்றம் தெரிய ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய், அமைதியாக விட்டுவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ இறங்கிவிடும். இயல்பைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறுவது சாதாரணம்.

எடை பார்க்க மாதம் ஒரு தடவை வலை போடுவது சரி. யாராவது வந்தால் காட்ட, நமக்கே ஆசையாக இருந்தால் பார்க்க என்று வாரத்துக்கு இரண்டு தடவை இழுப்பது வேண்டாம். கார்டிசால் நோய் எதிர்ப்பையும் குறைக்கும். வலை போட்ட அடுத்த வாரம் புண்ணும் பூஞ்சையுமாக மீன் கரை ஒதுங்குவதற்கு வலையில் செதில் உதிர்ந்தது பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம்.

வீட்டில் அப்பாவுக்குச் சுகர் பார்க்கும் மிஷின் இருக்கிறது. அதில் மீனுக்குப் பார்க்கலாமா?

பார்க்கலாம். கரையிலேயே விடை கிடைக்கும் எளிய வழி அதுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் வரும் எண்ணைவிடப் பொதுவாகக் குறைத்தே காட்டும். காரணம், அந்த மிஷின் மனித இரத்தத்துக்கும் மனித உடல் சூட்டுக்கும் கணக்கிட்டுச் செய்தது. மீன் இரத்தத்தின் அணு விகிதமே வேறு. எனவே அது காட்டும் எண்ணைத் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மிஷினில், ஒரே மாதிரி எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடலாம். நேற்றைக்கும் இன்றைக்கும், இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் என்று.

எடுக்கும் முறை: இரண்டு பேர் வேண்டும். ஈரத்துணியை விரித்து, ஊசியையும் ஸ்ட்ரிப்பையும் தயாராக வைத்த பிறகுதான் மீனைத் தொட வேண்டும். ஒருவர் மீனை மல்லாக்கப் பிடித்து, கண்ணை ஈரத்துணியால் மூடுவார். கண் மறைந்தால் மீன் பெரும்பாலும் துள்ளாது. மற்றவர் குதத் துடுப்புக்குப் பின்னால், வால்தண்டின் அடிப்பக்க நடுக்கோட்டில், செதிலுக்கு இடையே ஊசியைச் செங்குத்தாக இறக்குவார். முதுகெலும்பில் ஊசி முட்டுவது கையில் தெரியும். அங்கிருந்து ஒரு நூலளவு பின்னால் இழுத்து, பிஸ்டனை மெதுவாக இழுத்தால் கருஞ்சிவப்பாக இரத்தம் ஏறும். ஸ்ட்ரிப்புக்கு ஒரு சொட்டுப் போதும். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் சற்று அழுத்திப் பிடித்து, மீனைத் தண்ணீரில் விட வேண்டும்.

தண்ணீரிலிருந்து தூக்கிய நேரத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் இது முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் நாம் பிடித்த பிடியையே நாம் அளக்கிறோம். பத்து மீன் பார்க்க வேண்டுமென்றால், பத்தையும் மொத்தமாக வாளியில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கக் கூடாது. கடைசி மீன் வாளியிலேயே அரை மணி நேரம் பதறிக் கிடந்திருக்கும். இரத்தத்தைக் குழாயில் வைத்து வெகுநேரம் கழித்துப் பார்த்தால் எண் இறங்கிவிடும். மீனின் சிவப்பணுக்களுக்கு நியூக்ளியஸ் உண்டு, அவை குழாயிலும் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்னும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதானால் சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில், பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. அப்போது சர்க்கரை எப்படி இருக்கும்?

ஏறியிருக்கும். பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் பகலெல்லாம் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கும். விடிவதற்கு முந்திய நேரம்தான் மிகக் குறைவு. கட்லாவும் ரோகுவும் நன்றாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். அது வெகுவாகக் குறையும்போது மீன் ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கும் குறுக்கு வழிக்குப் போகிறது. அந்த வழிக்குக் குளுக்கோஸ் ஏராளமாகத் தேவைப்படும், ஈரல் கொட்டிக்கொடுக்கும். கூடவே லாக்டிக் அமிலமும் சேரும்.

விராலுக்கும் தேளிக்கும் பனையேறிக் கெண்டைக்கும் காற்றைக் குடிக்கத் தெரியும் என்பதால் இந்தத் துன்பம் குறைவு. மப்பும் மந்தாரமுமாக இரண்டு மூன்று நாள் வெயிலே வராவிட்டால், கெண்டை வளர்ப்பவர் அந்த இரவுகளில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓட்டியே ஆக வேண்டும். ஏரேட்டர் இல்லையென்றால் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள். அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள்.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. சித்திரை, வைகாசியில் நம் குளங்கள் முழங்காலளவுக்கு வற்றும்போது தண்ணீர் கொதிப்பது தெரிந்ததே. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் சூடேறினால் உடம்புக்குள் எல்லாம் வேகமாக நடக்கும், ஆக்சிஜன் தேவை கூடும். தண்ணீரோ சூடாக ஆக ஆகக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் இடி.

ஆனாலும் மெதுவாக ஏறும் வெப்பத்துக்கு மீன் பழகிக்கொள்ளும். திடீர் மாற்றம்தான் அதைத் தூக்கிப் போடும். மலையடிவாரத்திலிருந்து வரும் பச்சையாற்றுத் தண்ணீரும் நம்பியாற்றுத் தண்ணீரும் குளிர்ச்சியானவை. வெயிலில் காய்ந்த குட்டைக்குள் அதை மடமடவென்று திறந்துவிட்டால் நல்லது செய்கிறோம் என்று நமக்குத் தோன்றும், மீனுக்கு அது அடி. சிறிது சிறிதாக விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கலங்கல் தண்ணீர் புகும்போதும் இதே கதைதான்: குளிர்ச்சி, கலங்கல், காரத்தன்மை மாற்றம் எல்லாம் ஒரே நாளில் வரும். 2023 டிசம்பர் பெருமழை போல வந்துவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை.

சரி, இப்போது தீனிக்கு வருவோம். தவிடும் புண்ணாக்கும் போட்டால் சுகர் ஏறாதா?

தின்ற பிறகு ஏறும், பிறகு இறங்கும். எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்பது மீனின் சாதியையும் மாவுச்சத்தின் வகையையும் பொறுத்தது.

மீன்கள் பொதுவாகச் சர்க்கரையைச் சமாளிப்பதில் மெத்தனமானவை. இயற்கையில் புழு, பூச்சி, குட்டி மீன் தின்று வாழும் இனங்களுக்கு மாவுச்சத்தே அபூர்வம். அவற்றுக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்து ஈரல் தானே செய்துகொள்ளும். அப்படிப்பட்ட மீனுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் ஈரல் தன் உற்பத்தியைச் சரியாக நிறுத்துவதில்லை. தசையும் மெதுவாகவே உறிஞ்சும். குளிர்நாட்டு டிரவுட் மீனுக்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தால் ஒரு நாள் கடந்தும் சர்க்கரை இறங்காமல் நிற்கும். கெண்டையும் ஜிலேபியும் எல்லாம் தின்னும் சாதி. சில மணி நேரத்தில் இறக்கிக்கொள்ளும். இவற்றின் தீனியில் 30, 40 சதவீதம் மாவுச்சத்து இருந்தாலும் செரித்துவிடும். புல்கெண்டை புல்லையே தின்று வளர்வது நாம் பார்ப்பதுதான்.

நம்மூரில் இதில் தவறு நடப்பது விரால் வளர்ப்பில். விரால் ஊன் தின்னி. விலை குறைவு என்று தவிட்டையும் மரச்சீனி மாவையும் பிசைந்து அதற்குப் போட்டால், தின்னப் பழகினாலும் உடம்புக்குச் சேராது. ஊன் தின்னும் மீன்களுக்கு மாவுச்சத்து மிஞ்சும்போது ஈரலில் கிளைகோஜனும் கொழுப்பும் அடைந்து, ஈரல் வீங்கி வெளிறிப் போகும். செத்த மீனை அறுத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளுத்துப் போயிருக்கும். விராலுக்குப் புரதம் உள்ள தீனியே போடுங்கள், காசு கூடுதலானாலும்.

வேகவைத்த மாவு, பச்சை மாவைவிட விரைவாகச் செரித்து விரைவாகச் சர்க்கரையை ஏற்றும். மிதக்கும் குருணைத் தீனி வெந்த மாவில் செய்தது என்பதால், பச்சைத் தவிட்டைவிட அதற்கு ஏற்றம் கூடுதல். கெண்டைக்கு இது கெடுதல் இல்லை, சக்தியாகப் பயன்படுகிறது. சீனி, குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையைவிட மாவுச்சத்தை மீன் நன்றாகத் தாங்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இரத்தம் எடுப்பதானால் தீனி போட்டு ஒரு நாள் கழித்து எடுப்பதே சுத்தமான கணக்கு.

பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுகிறார்களே, அதற்குச் சுகர் வராதா?

பாபநாசம் கோயில் முன்னால் தாமிரபரணியில் மொய்க்கும் மீன்களைப் பார்த்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். பொரி முழுக்க மாவுச்சத்துதான், வெந்து பொரிந்தது வேறு. தின்றதும் சர்க்கரை சற்று ஏறும். ஆனால் அங்கே மொய்ப்பவை கெண்டை இனங்கள், ஓடும் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வாழ்பவை. பாறையில் ஒட்டிய பாசி, பூச்சி என்று வேறு இரையும் அவற்றுக்கு உண்டு. நீந்தும் தசை சர்க்கரையைச் செலவழித்துவிடும். பொரியைவிட அந்தப் படித்துறையில் எனக்குக் கவலை தருவது சோப்பும் ஷாம்பூவும் நனைந்த துணி மூட்டையும். பொரி போடுங்கள், அளவாகப் போடுங்கள், பிளாஸ்டிக் பையை மட்டும் ஆற்றில் விடாதீர்கள்.

பயோஃபிளாக் தொட்டியில் தினமும் வெல்லம் கரைத்து ஊற்றுகிறேன். மீனுக்குச் சர்க்கரை கூடுமா?

கூடாது. நீங்கள் ஊற்றும் வெல்லம் மீனுக்கு இல்லை, பாக்டீரியாவுக்கு. அது வெல்லத்திலுள்ள கார்பனைத் தின்று, தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவை எடுத்துத் தன் உடம்பாக்கி, திட்டுத்திட்டாகச் சேரும். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு என்பதால் கரைந்த வெல்லம் நேராக வயிற்றுக்குப் போவதும் அரிது.

மறைமுகமாக ஏறுவதற்கு வழி உண்டு. ஒரேயடியாக வெல்லத்தைக் கொட்டினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அப்போது மீன் மூச்சுத் திணறி, அதனால் சர்க்கரை ஏறும். மின்சாரம் போனால் பயோஃபிளாக் தொட்டிக்கு அரை மணி நேரத்திலேயே ஆபத்து. இன்வெர்ட்டரும் மாற்று ஏரேட்டரும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

மீனுக்கு இன்சுலின் சுரக்குமா?

சுரக்கும், மருத்துவ வரலாற்றிலேயே மீன் இன்சுலினுக்கு இடம் உண்டு. பல எலும்பு மீன்களில் இன்சுலின் சுரக்கும் திசு கணையத்துக்குள் கலந்திராமல், கண்ணுக்குத் தெரியும் தனி உருண்டையாகப் பித்தப்பைக்கு அருகில் இருக்கும். புரோக்மன் உருண்டை என்பார்கள். ஜிலேபியிலும் அதைப் பார்க்கலாம். நம் கணையத்தில் செரிமான நொதி செய்யும் திசுவும் இன்சுலின் திசுவும் பின்னிக் கிடப்பதால், எது இன்சுலினைச் செய்கிறது என்று நேரடியாகக் காட்டுவது சிரமமாக இருந்தது. 1922இல் மக்ளியாட் என்ற அறிவியலாளர் கனடாவின் கடற்கரை ஆய்வு நிலையத்தில், மீன்களின் அந்தத் தனித் திசுவிலிருந்து சாறெடுத்து, சர்க்கரையைக் குறைக்கும் பொருள் அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டினார். இன்சுலினுக்காக 1923இல் பான்டிங்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானில் மீனிலிருந்து எடுத்த இன்சுலினை நோயாளிகளுக்குக் கொடுத்ததும் உண்டு.

நமக்கும் மீனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு: நமக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும் முதல் தூண்டுதல் குளுக்கோஸ். பல மீன்களுக்குப் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களே வலுவான தூண்டுதல். சர்க்கரை கொடுத்தால் இறங்கத் தாமதமாவதன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

அப்படியென்றால் மீனுக்கு நீரிழிவு நோயே வருமா?

நம் குளங்களில் நீங்கள் அதைச் சந்திக்கப் போவதில்லை. சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து நீரிழிவு என்று பெயர் வைக்காதீர்கள், மருந்தும் தேடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் வரிக்குதிரை மீனுக்கு அந்த நிலையை உண்டாக்கி, கண்ணும் நரம்பும் எப்படிக் கெடுகின்றன என்று பார்க்கிறார்கள். அது இந்திய நீர்நிலைகளில் வாழும் விரலளவு கூட இல்லாத மீன்தான்.

மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாமல் வாழும் மீனைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இன்சுலின் வேலை செய்யாத மரபணு மாற்றம் அதற்கு இருக்கிறது. தின்றதும் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறும். நமக்கு அப்படி இருந்தால் சிறுநீரகமும் கண்ணும் போய்விடும். அந்த மீனோ கொழுகொழுவென்று நெடுநாள் வாழ்கிறது. இருட்டுக் குகையில் இரை எப்போதோ ஒரு முறை வரும், வரும்போது சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்பு அதற்கு வேண்டியிருக்கிறது.

வயலில் மருந்தடித்த தண்ணீர் குளத்துக்கு வந்தால்?

பிசானப் பருவ நெல்லுக்கு மருந்தடிக்கும் மாதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நம் பக்கம் வயலின் கழிவுநீர் அடுத்த குளத்துக்கே போகும் அமைப்பு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசனம் எதை எடுத்தாலும் குளமும் வயலும் மாறி மாறித்தான் வரும். பூச்சி மருந்து மீனைக் கொல்லும் அளவுக்கு வராவிட்டாலும் சும்மா விடாது. மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் நரம்பு வேலையைக் குலைத்து, ஈரலின் கிளைகோஜனைக் கரைத்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றும். செம்பு, காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களும் அப்படித்தான். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது நல்ல காரியம். மீனுக்கு அது மிகக் கொடிய விஷம்.

மருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் இன்னொரு கட்டம் வரும், அதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஈரலின் சேமிப்பு தீர்ந்துபோய், சர்க்கரை இயல்புக்கு இறங்கும், அதற்குக் கீழேயும் போகும். எண்ணைப் பார்த்தால் மீன் தேறிவிட்டது போல இருக்கும், உள்ளே காலியாகியிருக்கும். நீந்துவது மந்தமாகும், தீனிக்கு வராது. அதனால் இறங்கிய எண்ணை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. மேல்வயல்காரரிடம் மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, மூன்று நான்கு நாள் மடையை அடைத்து வைப்பதே நடைமுறையில் முடியக்கூடியது.

அம்மோனியா?

ஏற்றும். தீனி மிஞ்சி அழுகும் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து, மீன் எப்போதும் ஓர் எரிச்சலிலேயே இருக்கும். பிற்பகலில் பாசி மிகுந்த தண்ணீரின் காரத்தன்மை கூடும்போது அம்மோனியாவின் விஷமும் கூடும்.

பட்டினி போட்டால் சர்க்கரை வேகமாகக் குறையுமா?

நம்மைப் போல வேகமாகக் குறையாது. பல மீன்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தின்னாமலே சர்க்கரையை ஓரளவு நிலையாக வைத்திருக்கும். விலாங்கு மாதக்கணக்கில் தாங்கும். ஈரலின் கிளைகோஜன், பிறகு கொழுப்பு, கடைசியில் சதை என்று எரித்துக்கொள்ளும்.

ஆண், பெண், சினை வித்தியாசம் உண்டா?

உண்டு. சினை முற்றும் காலத்தில் ஈரல் முட்டைக்கான புரதத்தைச் செய்யும் வேலையில் இறங்கிவிடுவதால் கணக்கு மாறும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரே அளவு, ஒரே பருவம் உள்ள மீன்களையே எடுங்கள். காலை, மாலை என்று நேரத்துக்கு நேரமும் ஏற்ற இறக்கம் உண்டு.

உவர் தண்ணீரில் வளர்க்கிறவர்களுக்கு?

உப்பின் அளவு திடீரென்று மாறினால், உடம்பின் உப்பைச் சமப்படுத்த மீன் நிறையச் சக்தி செலவழிக்கும், சர்க்கரை ஏறும். கொடுவா, மடவை, பால்மீன் இதற்குப் பழகியவை. கெண்டையைப் பழக்காமல் உவர் தண்ணீரில் விடவே கூடாது.

மணிமுத்தாறு பக்கம் போய்க் குஞ்சு வாங்கி வருகிறோம். வந்த இரண்டாம் நாள் பாதி மிதக்கிறது. இதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே அதிகப் பணம் மிச்சமாகும் பதில் இதுதான், நிதானமாகப் படியுங்கள். விரலி எனப்படும் விரலளவுக் குஞ்சின் ஈரலில் சேமிப்பு மிகக் கொஞ்சம். பண்ணையில் வலை போட்டது, எண்ணியது, பையில் அடைத்தது, வண்டியில் குலுங்கியது, வெயிலில் காத்திருந்தது, குளத்தில் கொட்டியது என்று ஒவ்வொன்றும் ஒரு தடவை சர்க்கரையை ஏற்றுகிறது. ஒன்று தணியும் முன் அடுத்தது வரும்போது, கடைசியில் கொடுக்க ஈரலில் எதுவும் மிச்சமில்லை. வழியில் சாகாமல் வந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சாவதற்கு இது பெரிய காரணம்.

பண்ணைக்காரரிடம் முந்தின நாளே குஞ்சைப் பிடித்து, தீனி போடாமல், ஹாப்பா எனும் சிறுகண் வலைத் தொட்டியில் விட்டுப் பழக்கச் சொல்லுங்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு சேராது, அம்மோனியா குறையும். ஒரு நாள் நெரிசலுக்கும் பழகிவிடும். பழக்காத குஞ்சை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஆக்சிஜன் பையில் கல் உப்பு லிட்டருக்கு 2, 3 கிராம் போட்டால் உடம்பின் உப்பு வெளியேறுவது குறைந்து மீனுக்குச் சுமை குறையும். விடியும் முன் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் வந்துவிடுங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்தினாலும் வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

குளத்துக்கு வந்ததும் பையை அவிழ்க்காமல் கால் மணி, இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, குளத்துத் தண்ணீரைக் கைகையாக உள்ளே விடுங்கள். பையைச் சரித்துப் பிடித்தால் தெம்பான குஞ்சு தானே நீந்தி வெளியே போகும். மேலிருந்து கொட்டாதீர்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம், மறுநாள் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம்.

பிடிக்கும்போது மயக்க மருந்து கொடுக்கலாமா?

ஆய்வுக்கு இரத்தம் எடுப்பவர்கள் கிராம்பு எண்ணெயை, லிட்டருக்கு ஒரு துளி அளவில், ஸ்பிரிட்டில் கலந்து பயன்படுத்துவார்கள். துள்ளல் குறையும், ஆனால் மயங்கும் வரை படும் அவதியிலேயே சர்க்கரை சற்று ஏறிவிடலாம். எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி கொடுத்தால்தான் ஒப்பீடு நிற்கும். சந்தைக்குப் போகும் மீனுக்கு வேண்டாம்.

எங்க அப்பாவுக்குச் சுகர். சர்க்கரை ஏறின மீனைச் சாப்பிட்டால் அவருக்கு ஏறுமா?

ஏறாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ மீனில் இரத்தம் அதிகம் போனால் 50 மில்லி. அதில் சர்க்கரை 200 என்று ஏறியிருந்தால்கூட மொத்தம் 100 மில்லிகிராம். டீயில் போடும் ஒரு ஸ்பூன் சீனி நான்கைந்து கிராம் இருக்கும், அதாவது இதைப் போல நாற்பது, ஐம்பது மடங்கு. அந்தக் கொஞ்சமும் மீனைக் கழுவும்போதே போய்விடும். மீன் சதையில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. அப்பாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கவனிக்க வேண்டியது குழம்போடு சேரும் சோற்றின் அளவையும், பொரிக்கும் எண்ணெயையும்.

துடித்துச் செத்த மீனுக்கு ருசி மாறுமா?

மாறும். பதறிப் போராடிய மீன் தசையில் இருந்த கிளைகோஜனையும் சக்தியையும் செலவழித்துவிட்டுச் சாகிறது. விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், சதை நெகிழும், கெடுவதும் சீக்கிரம். பிடித்த மீனைக் கரையில் வெயிலில் துள்ள விடாமல் உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போட்டால் சந்தையில் மாலை வரை மீன் இறுகி நிற்கும்.

கல்லூரிப் புராஜெக்டுக்கு இதைச் செய்யப் போகிறேன். எண்ணோடு என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிப் பிள்ளைகளும் நம்மூர் விலங்கியல் மாணவர்களும் இதைக் கேட்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். மீனின் இனம், நீளம், எடை, தெரிந்தால் ஆணா பெண்ணா, கடைசியாகத் தின்ற நேரமும் தீனியும், தண்ணீரின் வெப்பம், கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை, அம்மோனியா, இரத்தம் எடுத்த மணி, தண்ணீரிலிருந்து தூக்கியதற்கும் ஊசி ஏறியதற்கும் இடையே போன வினாடிகள், மயக்கம் கொடுத்தீர்களா, எந்த மிஷின். இதில் அந்த வினாடிக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. அதை எழுதாத அட்டவணையில் 60க்கும் 120க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு போங்கள், போனிலேயே இருக்கிறது. மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது அழுத்துங்கள்.